சில்வியாவின் கரித்தும்புத் தண்டு

நார்த்மீட், சிட்னி.
2004 ஆனி, செவ்வாய்க்கிழமை.

மெல்பேர்ன் டண்டினோங்கில் வதியும் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய திரு. ஏசுதாசன் ஐயா அவர்களுக்கும், அவர் பாரியார் திருமதி ராஜகுமாரி அம்மா அவர்களுக்கும் சவரிமுத்து மிகுந்த தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

மாதாவின் கிருபையால் நாங்கள் இங்கு நலம். நலம் என்ற இந்தச் சொல்லை, கடிதத்தில் எல்லாரும் எழுதுவதுதானே என்று தயவுசெய்து தாண்டிப் போக வேண்டாம். நான் உயிரோடு இருக்கிறேன். சனிக்கிழமையும் உயிரோடுதான் இருந்தேன். ஞாயிறு காலை என்னுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக நீங்கள் உங்கள் கோவிலில் பூசை ஒப்புக்கொடுத்ததற்கு என் மனமார்ந்த நன்றி. ஆள் சாகாமல் பூசை முடிந்துவிட்டால் அது வீணாகிவிடுமா என்று எங்கள் பங்குச் சுவாமியாரிடம் விசாரித்தேன். எந்தச் செபமும் வீணாகாது, தேவைப்படும்போது உதவும் என்று சொன்னார். ஆகவே அந்த வகையில் உங்கள் மனம் ஆறுதல் அடையலாம்.

உங்களைச் சம்பந்தி என்று எழுதுவதா, ஐயா என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. போன வாரம் என்றால் சம்பந்தி என்றே எழுதியிருப்பேன். ஞாயிறு மத்தியானம் நீங்கள் துக்கம் விசாரிக்கத் தொலைபேசி எடுத்தபோது, "ஹலோ, சவரிமுத்து கதைக்கிறன்" என்று நானே எடுத்துப் பேசிவிட்டேன். எங்கள் வீட்டில் மணி அடித்தால் நான்தான் எடுப்பது வழக்கம், வேறு நோக்கம் ஒன்றும் இல்லை. அம்மா அலறிய சத்தம் இன்னும் என் இடது காதில் இருக்கிறது. பிறகு நீங்கள் வாங்கிப் பேசியபோது, "நான் சாகேல்லை ஐயா, மகளின்ர காருக்குக் கீழ லைற் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான், மகள் தண்டு மாத்திறா" என்று சொன்னேன். அதைச் சுருக்கமாகச் சொன்னதுதான் பிழை. "கார் திருத்திற பொம்பிளை எங்கட குடும்பத்துக்குச் சரிவராது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நடந்ததை முழுவதும் அறிந்தால் உங்கள் கோபம் தணியும் என்று என் மனைவி ஞானம்மாள் சொல்கிறாள். முழுவதும் அறிந்தவன் நான், எனக்கே இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இதெல்லாம் தொடங்கியது போன கிழமை வந்த ஒரு பெட்டியால். அமெரிக்காவில் இருந்து என் மகள் அன்னமலரின் பேருக்கு ஒரு பார்சல் வந்தது. கிட்டத்தட்ட என் உயரம், ஒடுக்கமான பெட்டி. மேலே பெரிய எழுத்தில் ஏதோ ஷாஃப்ட் என்று இருந்தது. இரும்புச் சாமான் என்று நினைத்து நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தேன், ஞானம்மாள் மறுபக்கம் பிடித்தாள். "யேசுவே" என்று சொல்லி இருவரும் பலம் கொண்ட மட்டும் தூக்கினோம். ஐயா, அதில் கனமே இல்லை. பெட்டி வாணம் மாதிரி மேலே போய் விறாந்தைக் கண்ணாடி விளக்கை உடைத்துவிட்டு வந்தது. "இஞ்சேருங்கோ, இதுக்குள்ள ஒண்டுமில்லை, பிள்ளையை ஏமாத்திப்போட்டாங்கள்" என்று ஞானம்மாள் அழத் தொடங்கிவிட்டாள். நான் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து அன்னமலரிடம் சொன்னேன். அவள் அங்கே எக்ஸ்ரே எடுக்கிற உத்தியோகம் என்பது நீங்கள் அறிந்ததே. அவள் சந்தோசத்தில் கத்தினாள். "அப்பா, அது சில்வியாவுக்கு! தயவுசெய்து தொடாதேங்கோ. பழைய தண்டைக் கழட்டிப்போட்டு இதைப் போடப் போறம். இது காபன். பாரம் குறைஞ்சிடும், பிறகு சில்வியா நல்லா ஓடுவா."

இங்கே நான் ஒரு விசயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். முன்பு உங்களோடு தொலைபேசியில் கதைத்தபோது, எங்கள் மகளுக்குக் கெட்ட சகவாசம் கிடையாது, சில்வியா என்று ஒரே ஒரு சிநேகிதி, இரண்டு பேரும் மாதத்தில் ஒரு ஞாயிறு ட்ராக்குக்குப் போய் ஓடிவிட்டு வருவார்கள் என்று நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நான் பொய் சொல்லவில்லை. என் மகள் என்னிடம் சொன்னதைத்தான் சொன்னேன். "சில்வியாவோட ட்ராக்குக்குப் போறன்" என்று சொல்வாள். ட்ராக் என்றால் பள்ளிக்கூடத்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடுகிற இடம் என்றுதான் நான் நினைத்தேன். உடம்புக்கு நல்லது என்று நானே எழும்பித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை சில்வியாவுக்குக் காய்ச்சல் போல, சூடு ஏறிவிட்டது, தண்ணீர் விடவேண்டி வந்தது என்று சொன்னாள். பாவம், வெயிலில் ஓடினால் அப்படித்தான் என்று நான் சொன்னேன்.

ஆகவே சில்வியாவுக்குத் தண்டு மாற்றப் போகிறார்கள் என்றதும் நாங்கள் இருவரும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டோம். மகள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள், பெட்டியோ அமெரிக்காவில் இருந்து வந்திருக்கிறது. முதுகுத்தண்டுதான் என்று முடிவு செய்தோம். முதுகுத்தண்டு இந்த நீளம் இருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெள்ளைக்காரப் பெண்கள் உயரம்தானே, அளவாக வெட்டிப் போடுவார்களாக்கும் என்று ஞானம்மாள் சொன்னாள். அன்றைக்கே சில்வியாவுக்காக நவநாள் செபம் தொடங்கிவிட்டாள். ஒரு சூப் கூடச் செய்து கொடுத்துவிட்டாள். மகள் அதை "எனக்கா அம்மா?" என்று கேட்டுக் குடித்துவிட்டாள்.

வெள்ளி பின்னேரம் அன்னமலர் வேலையால் வந்து, வாசல் பாதையில் நின்ற தன்னுடைய காரை ஜாக்கி வைத்து உயர்த்தி, நான்கு இரும்புத் தாங்கிகளில் நிறுத்தினாள். அந்தக் காரை எனக்குத் தெரியும். இரண்டே கதவு, தரையோடு தரையாக இருக்கும். ஏறினால் இறங்க ஆள் வேண்டும். ஜப்பான்காரன் செய்தது. அதற்குப் பின்னால் கராஜுக்குள் என்னுடைய கார் நின்றது. நான் மரியாதைக்குக் கேட்டேன்.

"பிள்ளை, சில்வியா எப்ப வாறா?"

"எங்க வாறது? இவதான் சில்வியா" என்று சொல்லி, காரின் முன்மூடியில் தட்டினாள்.

ஞானம்மாள் கையில் செபமாலையோடு குசினிக் கதவடியில் நின்றாள். "அப்ப நான் இவ்வளவு நாளும் ஒரு காருக்கே செபம் சொன்னனான்?"

"பரவாயில்லையம்மா. அதுக்கும் தேவைதான்."

அப்போதுதான் ட்ராக் என்பது ஈஸ்டேர்ன் கிறீக்கில் கார் ஓட்டுகிற திடல் என்பதும், என் மகள் அங்கே தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஓட்டுகிறாள் என்பதும், எங்கள் ஷோகேஸில் இருக்கிற கிண்ணம் கால்களால் ஓடி வென்றது அல்ல என்பதும் எங்களுக்குத் தெரிய வந்தது. ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "மறைக்கேல்லை அப்பா, எல்லாம் சொன்னனான். நீங்கள் கேள்வி கேக்கேல்லை" என்றாள். யோசித்துப் பார்த்தால் அது உண்மை.

பிறகு அந்தத் தண்டைப் பற்றி எனக்கு விளங்கப்படுத்தினாள். எஞ்சின் முன்னால் இருக்கிறதாம், உந்துகிற சில்லு பின்னால் இருக்கிறதாம். எஞ்சினின் சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுபோக வயிற்றுக்குக் கீழே ஒரு நீளத் தண்டு ஓடுகிறதாம். இவ்வளவும் எனக்கு விளங்கியது. பழைய தண்டு உருக்கு. அது இரண்டு துண்டாக இருந்தது. முறிந்துவிட்டதா என்று கேட்டேன், முறியவில்லை, செய்யும்போதே இரண்டு துண்டு என்றாள். துருப்பிடித்ததா என்றேன், இல்லை. தேய்ந்ததா, இல்லை. "அப்ப ஏன் மாத்திறாய்?" "பாரம், அப்பா." புதியது ஒரே துண்டு, காபன் ஃபைபர். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருசம் எழுதுவினைஞராக இருந்தவன் நான், காபன் என்றால் எனக்குக் காபன் தாள்தான். ஃபைபர் என்றால் தும்பு. கரியையும் தும்பையும் சேர்த்துச் செய்த ஒரு தண்டை, உருக்குத் தண்டைக் கழற்றிவிட்டு, யாருமே பார்க்க முடியாத இடத்தில் ஏன் பூட்ட வேண்டும்? "உருக்கைவிடப் பலம் அப்பா" என்றாள். தும்பா? "ஓம், தும்புதான்." நான் போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே பழைய தண்டைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டாள். புதியதைச் சனி காலை பூட்டி, காரை இறக்கி ஒதுக்கிவிடுவதாகவும், பெண் பார்க்க வருகிற உங்களைக் கூட்டிவர நான் என்னுடைய காரை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகலாம் என்றும் சொன்னாள். சனி விடிந்தும் விடியாததுமாக ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வந்தது. ரோட்டில் பஸ் ஒன்று புரண்டுவிட்டதாம், எல்லாரும் வேண்டுமாம். கூட வேலை செய்கிறவரின் காரில் ஏறிப்போய்விட்டாள். போகும்போது சொன்ன கடைசி வார்த்தை, "அப்பா, ஒருத்தரும் ஒண்டையும் தொடவேண்டாம்."

இப்போது எங்கள் நிலையை நினைத்துப் பாருங்கள், ஐயா. நீங்களும் அம்மாவும் மேகத்துக்கு மேலே வந்துகொண்டிருக்கிறீர்கள். என்னுடைய கார் கராஜுக்குள். அதன் வாசலை மறித்தபடி சில்வியா நான்கு தாங்கிகளில் அந்தரத்தில் நிற்கிறாள். தண்டு இல்லாத கார் தானாக ஓடாது, தாங்கியில் நிற்கிற காரைத் தள்ளவும் முடியாது. உங்கள் கைத்தொலைபேசிக்கு எடுத்தால், விமானத்துக்காக அணைத்ததை நீங்கள் பிறகு திறக்கவே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டில் கிருஷ்ணசாமி இருக்கிறார். மலேசியாக்காரர், மாணவராக வந்து படித்துப் பாலங்கள் கட்டுகிற எஞ்சினியராகி இளைப்பாறியவர். அன்றைக்கு மேய்ஸ் ஹில் முருகன் கோவிலுக்குப் போக வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விபூதி என்று வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். என்னை விமான நிலையத்தில் விட முடியுமா என்று கேட்டேன். "அதுக்கென்னங்க அண்ணே, வாங்க போகலாம்" என்று கார்ச் சாவியோடு வந்தார். வந்தவருடைய கண் புல்லில் கிடந்த பெட்டியில் பட்டுவிட்டது. "இது என்னாது... கார்பன் ஃபைபரா?" என்றார். அவ்வளவுதான். தண்டை ஒற்றைக் கையால் தூக்கினார். முகர்ந்தார். காதில் வைத்துத் தட்டினார். எனக்கு ஏதோ முறுக்கு விசை என்று சொல்லி, என் கையில் இருந்த பத்திரிகையைச் சுருட்டி முறுக்கிக் காட்டினார். "ஐயா, பிளேன்" என்றேன். "அண்ணே, எதுக்கு என் கார்? இதைப் பூட்டிட்டா உங்க காரையே எடுத்துட்டுப் போகலாம். பத்து நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு வேட்டியோடு அடியில் போய்விட்டார்.

ஞானம்மாள் ஜன்னலால் பார்த்தாள். காருக்குக் கீழே இரண்டு கால் மட்டும் தெரிய, இது சரிவராது என்று டாக்சிக்கு எடுத்தாள். நல்ல யோசனைதான். டாக்சியும் வந்தது. ஆனால் ஓட்டி வந்தவர் ஈஸ்வரமூர்த்தி, வென்ட்வேர்த்வில்லில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இறங்கி வந்து, "அண்ணை, ஏறுங்கோ" என்று சொல்லவேண்டியவர், "அண்ணை, இது எஸ் ஃபிஃப்ரீன் எல்லே?" என்றார். அது அந்தக் காரின் மொடல் இலக்கமாம், அப்போது எனக்கு என்ன மொழி என்றே தெரியவில்லை. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். அவரும் அடியில் போய்விட்டார். பிறகு இரண்டு பேருக்கும் உள்ளே வெளிச்சம் காணாது என்று என்னைக் கூப்பிட்டார்கள். வெளிச்சம் பிடித்தால் வேலை கெதியாய் முடியும், முடிந்தால் போகலாம் என்ற ஒரே எண்ணத்தோடு நானும் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்து உள்ளே போனேன்.

கியர்ப் பெட்டியின் பின் வாயை என் மகள் ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி, றப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தாள். "இது என்னா குப்பை" என்று சொல்லி கிருஷ்ணசாமி அதை இழுத்தார். உள்ளே இருந்த எண்ணெய் முழுவதும் அவர் முகத்திலும் விபூதியிலும் வேட்டியிலும் வந்து இறங்கியது. அவர் துடித்து எழும்பப் பார்த்து நெற்றியை இடித்துக்கொண்டார், ஈஸ்வரமூர்த்தி அவரை வெளியே இழுக்கப் போய் எண்ணெயில் வழுக்கி என்மேல் விழுந்தார். நான் சில்லுக்கும் அவருக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டேன். சரியாக அந்த நேரத்தில்தான், ஐயா, நீங்கள் விமான நிலையத்துக் காசுப் போனில் இருந்து எங்கள் வீட்டுக்கு எடுத்தது.

ஞானம்மாள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று நான் பிறகு திரும்பத் திரும்பக் கேட்டு அறிந்துகொண்டேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. "ஐயோ, அவர் காருக்குக் கீழ கிடக்கிறார். ரெண்டு பேர் பிடிச்சு இழுக்கினம், வருகுதில்லை. தண்டு கழண்டு வெளியில கிடக்கு. ஒரே எண்ணெய். பிள்ளை ஆஸ்பத்திரியில. எல்லாம் இந்தச் சில்வியாவால வந்த வினை!" என்று சொல்லிவிட்டு, நான் கத்திய சத்தம் கேட்டு, தொலைபேசியை வைக்காமலே வெளியே ஓடிவந்துவிட்டாள். அதனால்தான் பிறகு நீங்கள் எத்தனை முறை எடுத்தும் கிடைக்கவில்லை. இதைக் கேட்ட எவரும் நீங்கள் நினைத்ததைத்தான் நினைத்திருப்பார்கள். எண்ணெய் என்று சொன்னதை, கடைசி நேரத்தில் சுவாமியார் பூசுகிற எண்ணெய் என்று எடுத்தீர்களோ தெரியாது. ஞாயிறு போனில் நீங்களே சொன்னபடி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி, சவரிமுத்து என்று ஒருவர் வரவில்லை என்று அவர்கள் சொன்னபோது, நேரே பிரேத அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டதிலும் பிழை சொல்ல முடியாது. செத்தவீட்டு வாசலில் பெண் பார்க்க வந்தவர்களாகப் பலகாரப் பெட்டியோடு நிற்கக்கூடாது என்று அடுத்த விமானத்திலேயே திரும்பிப் போன உங்கள் பண்பை நினைத்தால் எனக்குக் கண்ணீர் வருகிறது. ராஜகுமாரி அம்மா வழி நெடுகச் செபமாலை சொன்னாவாம். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

நான் விமான நிலையத்தில் நின்றேன். கிருஷ்ணசாமியை அவருடைய மனைவி மனோரமா வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கோவிலுக்குப் போறேன்னு கிளம்புன மனுஷனா இது?" என்று சொல்லி, தோட்டத்துக் குழாயால் கழுவிக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு ஈஸ்வரமூர்த்தி என்னை ஏற்றிக்கொண்டு பறந்தார். வழியில் அவர் அந்தத் தண்டைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்ததால் எந்த வாசல் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் யார் வந்தாலும் கொழும்பில் இருந்துதான் வருவார்கள். ஆகவே விமான நிலையம் என்றால் எனக்கு வெளிநாட்டு விமானம் வருகிற வாசல் ஒன்றுதான். மெல்பேர்னில் இருந்து வருகிறவர்களுக்கு வேறு வாசல் என்பது அங்கே நெடுநேரம் நின்ற பிறகுதான் தெரிந்தது. பெட்டி மட்டையைக் கிழித்து உங்கள் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கணவனும் மனைவியும் வந்து மிகவும் அன்பாகக் கைகொடுத்தார்கள். நானும் அவர்களுடைய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, மகளைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். அங்கே வைத்துத்தான் அவர் தன் பெயர் நரசிம்மன் என்றும், சிங்கப்பூரில் இருந்து வருவதாகவும், தமிழ் எழுத்தைப் பார்த்த சந்தோசத்தில் வந்து பேசியதாகவும், தங்களுக்கு மகன் கிடையாது என்றும் சொன்னார். நல்ல மனிதர். சட்டை முழுக்க எண்ணெயோடு நின்ற என்னிடம் பெண் எடுக்க வழியில்லையே என்று வருத்தப்பட்டார்.

பின்னேரம் நான் வீடு திரும்பியபோது அன்னமலர் வந்துவிட்டாள். வாசல் முழுவதும் எண்ணெய், மூன்று ஆண்பிள்ளைகள் உருண்ட தடம், உடைந்த ரோச் லைற். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவளோ மண்ணைக் கொட்டித் துடைத்தாள், வேறு உடுப்பு மாற்றினாள், பெட்டி மட்டையை விரித்துப் படுத்துக் காருக்குக் கீழே போனாள். சிறிது நேரத்தில் உள்ளே இருந்து குரல் வந்தது. "அப்பா, லைற் பிடிக்க வாறீங்களே?"

போனேன். பக்கத்தில் படுத்தேன். அவள் அந்தத் தண்டின் ஒரு முனையைக் கியர்ப் பெட்டிக்குள் மெதுவாகச் செருகினாள், பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற பக்குவத்தோடு. மறுமுனையைப் பின்பக்கம் பொருத்தி, ஒவ்வொரு ஆணியாகக் கையால் சுற்றினாள். "இஞ்சால பிடியுங்கோ. இல்லை, என்ர கண்ணுக்கு இல்லை, தண்டுக்கு." நான் கேட்டேன், "பிள்ளை, உண்மையாச் சொல்லு. பழையதில என்ன குறை?"

"குறை இல்லை அப்பா. அது பாரம். எஞ்சின் குடுக்கிற பலத்தில கொஞ்சத்தைத் தன்னைச் சுத்திறதுக்கே எடுத்துப்போடும். மிச்சம்தான் சில்லுக்குப் போகும்."

ஐயா, எல்லாவற்றிலும் இந்த ஒன்றுதான் எனக்கு உடனே விளங்கியது. எங்கள் கச்சேரிக் கந்தோரில் அப்படிப் பல பேர் இருந்தார்கள்.

கடைசியில் ஒரு நீளச் சாவியால் ஆணிகளை இறுக்கினாள். சரியான இறுக்கம் வந்ததும் அது "டிக்" என்று சொல்லும். ஒவ்வொரு டிக்குக்கும் அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் கணக்குச் சரிவந்தால் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு அப்படித்தான் சிரிப்பாள். பிறகு, "அப்பா, அவையள் வந்தவையே? என்னைப் பாக்க?" என்று கேட்டாள். அதுவரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வந்திருக்கினம், நான்தான் காணேல்லை" என்றேன். "சொறி அப்பா" என்றாள். பிறகு இன்னும் ஒரு ஆணியை இறுக்கினாள். அந்த டிக்குக்கு அவள் சிரிக்கவில்லை.

இவ்வளவும் நடந்தது, ஐயா. குற்றம் என்று பார்த்தால் என்னுடையது, கிருஷ்ணசாமியுடையது, அமெரிக்காக்காரனுடையது. என் மகளில் ஒரு குற்றமும் இல்லை. ஆகையால் ஒரு தகப்பனாக நான் உங்களுக்கு உறுதிமொழி தருகிறேன். இந்தக் கார் வருகிற மாதத்துக்குள் விற்கப்படும். கரித்தும்புத் தண்டு கழற்றப்பட்டு வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்பப்படும். அன்னமலர் இனி ட்ராக் என்கிற பக்கமே போகமாட்டாள், ஓடுவதென்றால் காலால் ஓடுவாள். நான்கு கதவு உள்ள, சத்தம் போடாத, என்னுடையதைப் போல வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி ஓட்டுவாள். காருக்குக் கீழே போவதை நான் பார்த்துக்கொள்வேன், அதாவது போகாமல் பார்த்துக்கொள்வேன். உங்கள் மகன் நொயல் தம்பியின் படத்தை ஞானம்மாள் மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் இருந்து இன்னும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மடு மாதா நிறைந்த சுகத்தையும், என்னை மன்னிக்கிற மனதையும் தந்து காப்பாளாக. ராஜகுமாரி அம்மாவின் நெஞ்சுப் படபடப்பு தணிந்ததா என்று அறியத் தரவும். ஞானம்மாளும் மகளும் தங்கள் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

இங்ஙனம்,
உயிரோடு இருக்கும்,
அ. சவரிமுத்து.

பி.கு: மேலே உள்ளதை உறையில் இட்டு ஒட்டி, தபாலில் போடுவதற்காகச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அன்னமலர் தானும் வென்ட்வேர்த்வில் பக்கம் போகவேண்டும், வாங்கோ அப்பா என்று சொன்னதால் அந்தக் காரில் ஏறினேன். தண்டு பூட்டிய பிறகு முதல் ஓட்டம். நான் ஒரு கையால் கதவையும் ஒரு கையால் கடிதத்தையும் பிடித்துக்கொண்டு இருந்தேன். சந்தியில் பச்சை விளக்கு விழுந்ததும் கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது, என் வயிறு சந்தியிலேயே நின்றுவிட்டது. அவள் என் பக்கம் திரும்பி, "அப்பா, வித்தியாசம் தெரியுதே?" என்று கேட்டாள். ஐயா, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முன்னமும் பயம், இப்போதும் பயம். ஆனால் அவள் கேட்ட விதத்தில், "ஓம் பிள்ளை, நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு எங்கே இருந்து அந்தச் சந்தோசம் வந்தது என்று எனக்குத் தெரியாது. தபால் கந்தோர்வரை எனக்கு ஒன்றுமே விளங்காத கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இவ்வளவு காலமும் இந்தப் பிள்ளை வீட்டில் பேசுவதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தபால் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். கடிதத்தைப் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே நான் தந்த உறுதிமொழிகளைத் தயவுசெய்து கணக்கில் எடுக்க வேண்டாம். அவளைக் கேட்காமல் தந்தவை அவை. கார் விற்கப்படாது. தண்டு அமெரிக்காவுக்குப் போகாது. பெண் பார்க்க மறுபடி வருவீர்களானால் அந்தக் காரிலேயே கூப்பிட வருவேன். அன்னமலர் ஓட்டுவாள், அம்மா முன்னுக்கு இருக்கலாம், நீங்களும் நானும் பின்னால் முழங்காலை மடித்துக்கொண்டு இருக்கவேண்டி வரும். அது உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் எனக்கு மிகவும் மனவருத்தம்தான், ஆனால் வேறு ஒன்றும் செய்வதற்கில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. உங்கள் மகன் நொயல் தம்பி. முதலில், "அங்கிள், உண்மையாவே சுகமா இருக்கிறீங்களா?" என்று விசாரித்தார், மரியாதையான பிள்ளை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா சொன்னவர், ஏதோ தண்டு எண்டு... அது ஒற்றைத் துண்டா, இரட்டைத் துண்டா அங்கிள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்த கேள்வி என்பதால் ஒற்றை என்று சொன்னேன். அடுத்த கேள்வி விளங்காததால் போனை மகளிடம் கொடுத்துவிட்டேன். அது சாப்பாட்டுக்கு முன்னம். சோறு ஆறி, ஞானம்மாள் சூடாக்கி, அதுவும் ஆறிவிட்டது. அவள் சுவரில் சாய்ந்து நின்று சிரித்துச் சிரித்துக் கதைக்கிறாள். இந்தக் கடிதத்தை அனுப்புவதா கிழிப்பதா என்று அவளிடம் கேட்கலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். கையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கோ என்றாள். பொறுத்தேன். போனை வைப்பதாகத் தெரியவில்லை. இந்த விசயம் உங்கள் கையையும் என் கையையும் விட்டுப் போய்விட்டது போல இருக்கிறது, சம்பந்தி. அனுப்புகிறேன்.